கைத்தொலைபேசியும் கணக்கேடும்

ஆபிரிக்காவின் கீழ்க்கரையிலுள்ள கென்யா நாட்டிலே, ஊரில் மனைவி மக்களையும் பெற்றோரையும் விட்டுத் தலைநகராகிய நைரோபிக்கு வந்து உழைப்போர் மிகப் பலர். காவற்காரராயும், கட்டட வேலையாளராயும், வீட்டுப் பணியாளராயும் அவர்கள் தேடும் பொருளில் ஒரு பங்கு மாத முடிவில் ஊர் போய்ச் சேரவேண்டும். இருபது ஆண்டுகளுக்கு முன்னர் அதற்கு இருந்த வழிகள் சிலவே. ஊருக்குப் போகும் நண்பனிடம் கொடுத்து விடலாம். உறையிலிட்டுப் பேருந்துச் சாரதியிடம் ஒப்படைக்கலாம். தபாற் கந்தோரிலே காசுக்கட்டளை எடுக்கலாம். நண்பன் போகும் நாளும் வீட்டிலே பணம் வேண்டிய நாளும் ஒன்றாய் அமைவதில்லை. சாரதி நல்லவனேயாயினும் வழியிலே கள்வர் உண்டு. காசுக்கட்டளை போய்ச் சேர்ந்தாலும், அதனை மாற்றிக் கொடுக்கச் சிறு தபாற் கந்தோரில் அன்று காசு இருக்கவேண்டும். வங்கியோவெனின், 2006ஆம் ஆண்டளவில் அந்நாட்டு வளர்ந்தோருள் ஐந்திலொரு பங்கினர்தாமும் வங்கிக் கணக்கு உடையவரல்லர்.

இக்குறையைத் தீர்க்க வந்ததே எம்-பெசா எனப்படும் சேவை. ‘பெசா’ என்பது சுவாகிலி மொழியிற் பணத்தைக் குறிக்கும் சொல். இந்துசமுத்திரத்து வணிகரோடு கப்பலேறிச் சென்ற ‘பைசா’வே அது என்று கேட்கும்போதே நேயர்கள் உணர்ந்திருப்பர். முன்னுள்ள ‘எம்’, கையோடு கொண்டு திரியும் தொலைபேசியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து.

வியப்பு யாதெனில், இதனை ஆக்கியோர் ஊருக்குப் பணம் அனுப்புவதற்கென இதனை ஆக்கவில்லை என்பதே. 2005ஆம் ஆண்டில், பிரித்தானியாவின் வொடபோன் நிறுவனமும் கென்யாவின் சபாரிக்கொம் நிறுவனமும், பிரித்தானிய அரசின் சர்வதேச அபிவிருத்தித் திணைக்களம் அளித்த நிதியுதவியோடு ஒரு பரீட்சார்த்த முயற்சியைத் தொடங்கின. வொடபோனைச் சேர்ந்த நிக் ஹியூசும் சூசி லோனியும் அதனை முன்னின்று நடத்தினர். சிறு கடன் பெற்ற ஏழை வணிகர் தவணைப் பணத்தைத் தொலைபேசி மூலம் திருப்பிச் செலுத்தவேண்டும் என்பதே அவர்களுடைய எண்ணம். சில நூறு பேரிடம் தொலைபேசியைக் கொடுத்துப் பார்த்தனர். மக்களோ தம் விருப்பப்படி நடந்தனர். ஒருவர் பணத்தை மற்றொருவருக்கு அனுப்பினார். பயணம் புறப்பட்டவர் காலையில் ஓர் ஊர்க் கடையிற் காசை வைப்புச் செய்து, மாலையில் வேறோர் ஊரில் அதனை மீளப் பெற்றார். மடியிலே கனமில்லாமல் வழிநடந்தார். கடன் கொடுத்த நிறுவனத்துக்கோ இப்புதிய கணக்கைத் தன் பழைய கணக்கோடு பொருத்துவதே பெரும்பாடாயிற்று. ஆக்கியோர் பிடிவாதம் பிடித்திருந்தால் முயற்சி அங்கேயே மாண்டிருக்கும். அவர்கள் கடன் தவணையை ஒருபுறம் வைத்துவிட்டு, ‘வீட்டுக்குப் பணம் அனுப்புங்கள்’ என்ற ஒரே அழைப்போடு 2007 மார்ச் 6ஆந் திகதி சேவையை நாடெங்கும் திறந்தனர். ஏறத்தாழ ஓராண்டுக்குள் இருபது இலட்சம் பேர் அதிற் சேர்ந்தனர்.

இது நடைபெறும் முறையைச் சற்று நின்று பார்த்தல் நன்று. நைரோபியில் உழைக்கும் ஒருவர் தெருமுனைக் கடைக்குச் சென்று இரண்டாயிரம் சில்லிங்கைக் கொடுக்கிறார். கடைக்காரர் சபாரிக்கொமின் முகவர். அவர் முற்கூட்டியே பணம் செலுத்தி, தம் பெயரில் ஓர் இலத்திரனியல் இருப்பை வாங்கி வைத்திருப்பவர். அவ்விருப்பிலிருந்து இரண்டாயிரம் குறைந்து, உழைப்பாளியின் கணக்கில் ஏறுகிறது. உழைப்பாளி தம் தொலைபேசியில் தாயாரின் இலக்கத்தையும், தொகையையும், தமக்கு மட்டுமே தெரிந்த இரகசிய இலக்கத்தையும் பதிக்கிறார். நொடிப்பொழுதில் இருவருக்கும் குறுஞ்செய்தி வருகிறது. ஊரிலே தாயார் அயற்கடைக்குப் போய், அடையாள அட்டையைக் காட்டிக் காசைப் பெறுகிறார். இதற்கு விலையுயர்ந்த தொலைபேசி வேண்டியதில்லை. சிம் அட்டையிலேயே பதித்த சிறியதொரு செயலி போதும். எத்துணை மலிவான கருவியிலும் அது இயங்கிற்று.

பணம் கம்பியிலோ காற்றிலோ போகவில்லை. நைரோபிக் காசு நைரோபிக் கடைப் பெட்டியிலேயே கிடக்கிறது. ஊர்க்கடையிலிருந்த காசே தாயார் கைக்குச் சென்றது. இடையே மாறியது கணக்கேட்டின் இரண்டு வரிகள்தாம். ஆனால் அவ்விரண்டு வரிகளுக்காகக் கடைக்காரர் படும் பாடு பெரிது. மாத முடிவிலே நகரத்துக் கடையிற் காசு குவிகிறது, இலத்திரனியல் இருப்பு வற்றுகிறது. கிராமத்துக் கடையிலோ காசு வற்றி இருப்பு குவிகிறது. கிராமத்து முகவர் கடையைப் பூட்டிக்கொண்டு, பேருந்தேறி, நகரத்து வங்கிக்குப் போய்க் காசு எடுத்து வரவேண்டும். பழைய சாரதியின் பயணத்தை இப்போது கடைக்காரர் மேற்கொள்கிறார் என்று கூறினும் பிழையில்லை. அவருக்கு ஊதியம் ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் கிடைக்கும் சிறு தரகு. அத்தரகு கட்டுப்படியாகாத இடத்தில் எவ்வளவு திறமான கணினித் தொகுதியும் பயன்படாது. தென்னாபிரிக்காவில் 2010ஆம் ஆண்டு இதே சேவை தொடங்கப்பட்டது. அங்கே பலருக்கு வங்கிக் கணக்கு முன்னரே இருந்தது; முகவர் வலையும் அடர்த்தியாகவில்லை. 2016ஆம் ஆண்டிலே சேவை மூடப்பட்டது.

மக்கள் கொடுத்த காசு யாரிடம் இருக்கிறது? இவ்வினாவே 2008 டிசம்பரில் கென்யாவிலும் எழுந்தது. தொலைபேசி நிறுவனம் வங்கியன்று. ஆயினும் வங்கியின் தொழிலிற் பாதியைச் செய்கிறது. வங்கிகள் மனங்குழம்பின. நிதியமைச்சின் பொறுப்பிலிருந்தவர் பரிசோதனைக்குக் கட்டளையிட்டார். மத்திய வங்கி ஆராய்ந்து, 2009இன் தொடக்கத்தில் சேவை பாதுகாப்பானதே என அறிவித்தது. காரணம் எளியது. மக்கள் வைத்த பணம் முழுவதும் சபாரிக்கொமின் சொந்தப் பணத்தோடு கலவாமல், நம்பிக்கைப் பொறுப்பாளரின் பெயரால் வணிக வங்கியிற் கிடக்கிறது. நிறுவனம் அதனை எடுத்து ஆளவும் முடியாது, கடன் கொடுக்கவும் முடியாது. தொலைபேசியில் எத்தனை சில்லிங் காட்டப்படுகிறதோ, அத்தனையும் வங்கியில் இருந்தாகவேண்டும். கருவியின் வேகத்தைப் புகழ்வோர் இந்தச் சட்ட ஏற்பாட்டை மறந்துவிடுகின்றனர்.

வணிகரும் இதன் பயனை விரைவில் உணர்ந்தனர். மின்கட்டணமும் பாடசாலைக் கட்டணமும் தொலைபேசியிற் செலுத்தப்படலாயின. 2013ஆம் ஆண்டு முதல், ‘எம்-பெசாவாற் செலுத்துக’ என்று பொருள்படும் ‘லிபா நா எம்-பெசா’ என்ற பலகை கடைகள்தோறும் தொங்கலாயிற்று. 2017ஆம் ஆண்டில், வெளியார் தம் கணினித் தொகுதிகளை எம்-பெசாவோடு இணைத்துக் கொள்வதற்கான வாயில் ஒன்று திறக்கப்பட்டது. அதற்கு ‘டராஜா’ என்று பெயர். சுவாகிலியிற் பாலம் என்பது பொருள். பாலம் வருமுன்னரே கடந்தவர்களும் உண்டு. 2012இல் எழுந்த எம்-கோபா என்னும் நிறுவனம், மின்சாரம் எட்டாத குடிசைகளுக்குச் சூரிய விளக்குகளைத் தவணைக்குக் கொடுத்தது. நாளாந்தத் தவணை தொலைபேசி மூலம் வந்தால் விளக்கு எரியும். வராவிடின் தொலைவிலிருந்தே அணைக்கப்படும். கடன் வசூலிப்போன் வாயிலுக்கு வரவேண்டியதில்லை. இது இரக்கமா, இரக்கமின்மையா என்பதை நேயர்களே தீர்த்துக்கொள்ளலாம்.

கூலி கொடுப்பதிலும் இத்தளம் செய்த மாற்றம் சிறிதன்று. அதற்குத் தெளிந்த சான்று கென்யாவுக்கு வெளியே, இதே மென்பொருள் எம்-பைசா என்ற பெயரோடு 2008இல் சென்ற ஆப்கானிஸ்தானத்திற் கிடைத்தது. அடுத்த ஆண்டில், வர்தக் மாகாணத்துப் பொலிசார் ஏறத்தாழ ஐம்பதின்மருக்குச் சம்பளம் தொலைபேசி வழியாக வழங்கப்பட்டது. அவர்களுட் சிலர் தமக்குச் சம்பள உயர்வு கிடைத்துவிட்டதென மகிழ்ந்தனர். உயர்வு ஒன்றும் இல்லை. அதுவரை மேலதிகாரிகளின் கைகளைக் கடந்து வந்த காசு வழியிலே தேய்ந்திருந்தது. முழுச் சம்பளத்தை அவர்கள் கண்டது அன்றே முதற்றடவை.

ஆயினும் ஒரு நாட்டின் கொடுக்கல் வாங்கலெல்லாம் ஒரே கணக்கேட்டிற் சேர்வது அச்சத்துக்கும் உரியது. கென்ய மக்களின் கணக்கை எழுதிய கணினிகள் பல ஆண்டுகள் ஜேர்மனியில் இருந்தன. 2015ஆம் ஆண்டிலேயே அவை கென்யாவுக்குக் கொண்டுவரப்பட்டன. தளம் சிறிது நேரம் தடைப்பட்டாலும், சந்தையிலே காய்கறி வாங்கியவர் பணம் செலுத்த வழியின்றி நிற்க நேர்கிறது.

நன்மையின் அளவும் ஆராயப்பட்டுள்ளது. தவ்னீத் சூரி, வில்லியம் ஜாக் என்னும் இரு பொருளியலாளர் 2016இல் வெளியிட்ட ஆய்வு, எம்-பெசாவினால் 1,94,000 குடும்பங்கள், அஃதாவது கென்யக் குடும்பங்களில் நூற்றுக்கு இரண்டு, கடும் வறுமையினின்று நீங்கின என மதிப்பிட்டது. பெண்கள் பலர் வேளாண்மையை விட்டுச் சிறுவணிகத்துக்கு மாறினர் என்பதும் அதிற் கண்ட முடிபு.

மறுபக்கமும் உண்டு. 2012 நவம்பரில், எம்-சுவாரி என்ற பெயரில், வணிக வங்கியொன்றோடு சேர்ந்து சேமிப்பும் சிறு கடனும் தொலைபேசியிலேயே வழங்கப்படலாயின. முப்பது நாட் கடனுக்குக் கட்டணம் நூற்றுக்கு ஏழரையாக இருந்தது. ஆயிரம் சில்லிங்குக்கு எழுபத்தைந்து என்றால் சிறிதாகவே தோன்றும். மாதந்தோறும் அவ்வாயிரத்தை எடுத்துக் கொடுத்து வந்தால், ஆண்டு முடிவிற் கட்டணம் மட்டும் தொள்ளாயிரமாகும். பின்னர் வந்த வேறு கடன் செயலிகளோ உரிமமும் இன்றி நடந்தன. தவணை தவறினால், கடனாளியின் தொலைபேசியிலுள்ள இலக்கங்களை எடுத்து, உறவினரையும் வேலை கொடுத்தோரையும் அழைத்து மானத்தை வாங்கின. தாயாருக்குப் பணம் அனுப்பிய அதே கருவி, மகன் கடன்பட்ட செய்தியைத் தாயாருக்கு உரைக்கும் கருவியுமாயிற்று. 2021 டிசம்பரிற் சட்டம் திருத்தப்பட்டு, அத்தகையோர் மத்திய வங்கியின் உரிமம் பெறவேண்டும் என்றாயிற்று. கடனாளியின் இலக்கப் பட்டியலைத் தொடுவதும் அடுத்த ஆண்டின் ஒழுங்குவிதிகளால் தடுக்கப்பட்டது. உரிமம் கேட்டு இருநூற்றுக்கு மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன. 2022 செப்டெம்பரில் உரிமம் பெற்றிருந்தவை பத்து.