தா என்னும் ஏவல்



நண்பனிடம் 'அதை எனக்குத் தா' என்று கேட்க ஸ்பானிய மொழியார்க்கு ஒரே சொல் போதும்: 'தாமேலோ'. 'தா' ஏவல், 'மே' எனக்கு, 'லோ' அதனை. அந்தத் 'தா' நம் 'தா'வை ஒத்திருப்பது தற்செயலே. 'தராதே' என்று விலக்கும்போதோ, அவ்விரு வால்களும் வினைக்கு முன்னே ஓடிவிடும்.

தமிழுக்கு அவ்வால் வேண்டியதில்லை. தொல்காப்பியர் வகுத்தபடி, பெறுபவர் நானோ நீயோ ஆயின் 'தா', பிறராயின் 'கொடு'. கிளிநொச்சி வயல்களில் இவ்வேறுபாடு இன்றும் உயிரோடிருக்கிறது: 'மண்வெட்டியைத் தாரும்', 'அதை அவருக்குக் குடும்', 'உமக்கு நாளைக்குத் தாறன்'. மூத்தவரிடமாயின் 'தாங்கோ'.

1977ஆம் ஆண்டு வன்செயலின் பின் மலையகத்திலிருந்து வன்னியிற் குடியேறியோர் பலர் 'எனக்குக் குடுங்க' என்பர். இதனைப் பிழையென்று பள்ளிச் சிறுவரைத் திருத்துவோர் உளர். அவர்கள் தொல்காப்பியத்தில் இன்னும் சிறிது தூரம் வாசிக்கலாம். தன்னைப் பிறன்போல் வைத்துக் கேட்பவன் 'கொடு' எனலாம் என்று அங்கேயே விதியுண்டு. 'ஈ' தாழ்ந்தோன் கூற்று (அது நம் பேச்சில் வழக்கொழிந்தது), 'தா' ஒப்போன் கூற்று, 'கொடு' உயர்ந்தோன் கூற்று என்பதும் அந்நூல் கூறுவதே. திருத்தப்படும் சிறுவன் ஆள்வது உயர்ந்தோன் சொல்லை!