பாட்டன் அல்ல, பங்காளி

‘குரங்கிலிருந்து மனிதன் வந்தான்’ என்ற வாசகம் சிறுவர் முதல் பெரியவர்வரை எல்லோருக்கும் பழக்கமானது. பரிணாமக் கொள்கையை ஒரே வரியில் சொல்லிவிடுவதாகத் தோன்றும் இந்த வாசகத்திலிருந்தே பெரும்பாலான குழப்பங்கள் கிளம்புகின்றன.

முதல் குழப்பம் சொல்லில் இருக்கிறது. கோயில் மண்டபங்களில் திரியும் நாட்டுக் குரங்கும், ஆப்பிரிக்கக் காடுகளில் வாழும் சிம்பன்சியும் தமிழ் வழக்கில் குரங்குதான். உயிரியல் இவற்றை வேறுவேறு பிரிவுகளில் வைக்கிறது. நாட்டுக் குரங்குக்கு வால் உண்டு. சிம்பன்சி, பொனோபோ, கொரில்லா, ஒராங்குட்டான் ஆகியவற்றுக்கு வால் இல்லை. மனித இனமும் இந்த வாலில்லாப் பிரிவைச் சேர்ந்ததே. இந்தப் பிரிவும் நாட்டுக் குரங்கு பிறந்த கிளையும் பிரிந்து ஏறத்தாழ 2.5 கோடி ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகின்றன.

அப்படியானால் சிம்பன்சி மனிதனின் மூதாதையா? அதுவும் இல்லை. பெரியப்பா மகனும் சித்தப்பா மகனும் ஒரே பாட்டனின் பேரர்கள். ஒருவர் மற்றவருக்குப் பாட்டன் ஆவதில்லை. மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் உள்ள உறவு இந்தப் பங்காளி உறவு. ஏறத்தாழ 60 முதல் 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் வாழ்ந்த ஓர் உயிரினம் இருவருக்கும் பொது மூதாதை. அது இன்றைய சிம்பன்சியும் அன்று, மனிதனும் அன்று. கொரில்லாவின் கிளை அதற்கும் முன்பே பிரிந்துவிட்டது. ஆகவே சிம்பன்சிக்குக் கொரில்லாவைவிட மனிதனே நெருங்கிய உறவு.

‘குரங்கு மனிதனாக மாறியது என்றால் இன்னும் குரங்குகள் ஏன் இருக்கின்றன?’ என்ற கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. ஒரு குடும்பம் இரண்டாகப் பிரிந்து வேறு வேறு ஊர்களில் குடியேறினால் இரு வழிகளிலும் வாரிசுகள் தொடர்வார்கள். சிம்பன்சியின் கிளையும் தன் சூழலுக்கு ஏற்றபடி மாறிக்கொண்டே வந்திருக்கிறது. மனிதனாவதற்காக அது காத்திருக்கவில்லை.

அடுத்தது, பரிணாமம் ஏணிப்படி என்ற எண்ணம். குனிந்த குரங்கு ஒன்று படிப்படியாக நிமிர்ந்து மனிதனாகும் வரிசைப் படம் இதற்கு ஒரு காரணம். ருடால்ஃப் சாலிங்கர் 1965-இல் வெளிவந்த ஒரு நூலுக்காக வரைந்த ஓவியத்திலிருந்து அந்த வடிவம் உலகெங்கும் பரவியது. பரிணாமத்துக்குத் தமிழில் வழங்கும் ‘படிவளர்ச்சி’ என்ற சொல்லும் இந்த எண்ணத்துக்கு இடம் கொடுக்கிறது. உண்மையில் மனித மரபு பல கிளைகள் விட்ட புதர். பல மனித இனங்கள் ஒரே காலத்தில் வாழ்ந்திருக்கின்றன. நியாண்டர்தால் மனிதர்கள் ஏறத்தாழ 40,000 ஆண்டுகளுக்கு முன்வரை ஐரோப்பாவில் இருந்தார்கள். இன்றைய மனிதர்களின் முன்னோர் அவர்களோடு கலந்ததால், ஆப்பிரிக்காவுக்கு வெளியே வாழும் மக்களின் மரபணுத் தொகுதியில் 1 முதல் 2 விழுக்காடு நியாண்டர்தால் மரபாக இருக்கிறது. பழங்கால எலும்புகளிலிருந்து மரபணுவைப் பிரித்தறியும் ஆய்வுத் துறைக்கு வழிவகுத்த ஸ்வாந்தே பேபோவுக்கு 2022-இல் நோபல் பரிசு கிடைத்தது.

‘இடைப்பட்ட உயிரினம் எதுவும் கிடைக்கவில்லை’ என்பது இன்னொரு தவறான கருத்து. 1974-இல் எத்தியோப்பியாவின் ஹதாரில் ‘லூசி’ என்று பெயரிடப்பட்ட எலும்புக்கூடு கிடைத்தது. வயது ஏறத்தாழ 32 லட்சம் ஆண்டுகள். அதன் இடுப்பெலும்பும் முழங்காலும் நிமிர்ந்து நடந்ததைக் காட்டுகின்றன. ஆனால் அந்த இனத்தின் மூளை சிம்பன்சியின் மூளையைவிடச் சற்றே பெரியது. தான்சானியாவின் லேட்டோலியில் எரிமலைச் சாம்பலில் பதிந்திருக்கும் காலடித் தடங்கள் இன்னும் பழையவை. 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே இரு காலில் நடந்தவர்களின் தடங்கள் அவை. மூளை பெருத்தது அதற்கு வெகுகாலம் கழித்துத்தான்.

எலும்புகளே கிடைக்காமல் போயிருந்தாலும் உறவுக்கு வேறு சான்று உண்டு. மனிதனுக்கு 23 இணைக் குரோமோசோம்கள். சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான் ஆகியவற்றுக்கு 24 இணைகள். மனிதனின் 2-ஆம் குரோமோசோம், அவற்றில் தனித்தனியாக இருக்கும் இரண்டு குரோமோசோம்கள் நுனியோடு நுனி ஒட்டி உருவானது. வழக்கமாகக் குரோமோசோம்களின் நுனிகளில் மட்டும் காணப்படும் டி.என்.ஏ. வரிசை அதன் நடுவில் இருக்கிறது. அந்த ஒட்டின் தழும்பு அது. மண்ணுக்குள் கிடைத்த எலும்பும் உயிரணுவுக்குள் இருக்கும் குரோமோசோமும் தனித்தனியே ஒரே உறவுமுறையைச் சொல்கின்றன.