கடல் வழியும் கரை வழியும்

(ஊராட்சி மன்ற உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



விளைச்சல் எவ்வளவு நன்றாயிருப்பினும், அதைச் சந்தைக்குக் கொண்டு சேர்க்க வழியில்லையேல் உழவன் கையில் மிஞ்சுவது சொற்பமே. இது நீங்கள் அனுபவத்தில் கண்ட உண்மை. ஆகவே இன்று போக்குவரத்துப் பணி ஒன்றைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம். அது நம் மாநிலத்துப் பணியன்று, குஜராத்தில் நடந்தது. ஆயினும் ஊர்ப் பொதுவேலைகளைப் பொறுப்பேற்று நடத்தும் நமக்கு அதில் கற்றுக்கொள்ள வேண்டியவை உள.

இரண்டு பழந் துறைமுகங்கள்

குஜராத்தின் வரைபடத்தைப் பார்த்தால், நிலத்தைப் பிளந்துகொண்டு வடக்கு நோக்கி உட்புகும் ஒரு வளைகுடாவைக் காணலாம். அதுவே காம்பே வளைகுடா. அதன் மேற்குக் கரையில் சௌராஷ்டிரம். கிழக்குக் கரையில் பரூச், சூரத் முதலிய நகரங்கள். மேற்குக் கரையில், பாவ்நகருக்கு அருகே, கோகா என்னும் பழந் துறைமுகம் உள்ளது. 14-ஆம் நூற்றாண்டில் அரபுப் பயணி இபின் பதூதா இவ்வூரைக் கண்டு எழுதியிருக்கிறார். "இலங்கைப் பெண்ணும் கோகா மாப்பிள்ளையும்" என்று குஜராத்தியில் ஒரு பழமொழி வழங்குகிறது. கோகாவின் கப்பலோட்டிகள் கடல் கடந்து சென்றுவந்த காலத்தை அது நினைவூட்டுகிறது.

எதிர்க் கரையிலோ, நருமதையின் முகத்துவாரத்தில் தஹேஜ். அதற்கு உள்ளே பரூச். நம் முசிறியைப் பற்றிக் குறிப்பிடும் முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் கடற்பயண நூலான பெரிப்ளூஸ், பரூச்சைப் 'பாரிகாசா' என்று கூறுகிறது. இன்னும் தெற்கே தபதியின் முகத்துவாரத்தில் ஹஜீரா. அதை அடுத்துச் சூரத்.

கண்ணெதிரே கடல் குறுக்கிட்டுக் கிடந்தபோதிலும், சௌராஷ்டிரத்து மக்கள் இக்கரைகளை அடைய வளைகுடாவைச் சுற்றியே செல்ல வேண்டியிருந்தது. கோகாவிலிருந்து தஹேஜுக்குக் கடல் வழியே சுமார் 31 கிலோமீட்டர். சாலை வழியே சுமார் 310 கிலோமீட்டர். சௌராஷ்டிரத்திலிருந்து சூரத்தின் வைரப் பட்டறைகளுக்கும் துணி ஆலைகளுக்கும் பிழைக்கச் சென்றவர் ஏராளம். அவர்கள் பண்டிகைக்கு ஊர் திரும்பவும், உழவர் தம் விளைபொருளை அனுப்பவும் இச்சுற்று வழியையே நம்பியிருந்தனர்.

வண்டியோடு கடல் கடத்தல்

இக்குறையை நீக்கவே வாகனங்களை ஏற்றிச் செல்லும் கப்பல் திட்டம் வகுக்கப்பட்டது. இதனை 'ரோ-ரோ' என்பர். சாதாரணச் சரக்குக் கப்பலில் மூட்டைகளைப் பளுதூக்கி கொண்டு ஏற்றி, மறுகரையில் மீண்டும் இறக்க வேண்டும். இங்கோ லாரியும் காரும் சரக்கோடும் ஆட்களோடும் தாமே உருண்டு கப்பலுக்குள் செல்கின்றன. மறுகரையில் தாமே உருண்டு வெளியேறுகின்றன. காவிரிக் கரையில் பரிசலில் சைக்கிளை ஏற்றிக் கடப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. அளவுதான் பெரிது.

ஆயினும் இவ்வளைகுடாவில் அது எளிதான காரியமன்று. புனலைப்போல் குறுகிச் செல்லும் இக்கடலில் ஓதம் மிகக் கடுமையாய் ஏறி இறங்குகிறது. நீர்மட்ட வேறுபாடு 10 மீட்டருக்கு மேலும் செல்வதுண்டு. காலையில் கரையோடு சமமாக நின்ற கப்பல், சில மணி நேரத்தில் மூன்று மாடி உயரம் கீழே இறங்கிவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது லாரி எப்படி ஏறும்? இதற்காகவே கரையையும் கப்பலையும் இணைக்க, நீர்மட்டத்தோடு தானும் ஏறி இறங்கும் இரும்புப் பாலம் ஒன்று அமைக்கப்பட்டது.

2012-இல் அடிக்கல் நாட்டப்பட்ட கோகா-தஹேஜ் திட்டம், 2017 அக்டோபர் 22 அன்று முதலில் பயணிகளுக்காகத் தொடங்கப்பெற்றது. 2018 அக்டோபரில் வாகனங்களும் கடல் கடந்தன. ஏழெட்டு மணி நேரப் பயணம் ஏறத்தாழ ஒரு மணி நேரமாகச் சுருங்கியது. மக்கள் மகிழ்ந்தனர்.

வண்டல் செய்த வேலை

ஆனால் 2019 செப்டம்பரில் அப்போக்குவரத்து நின்றுபோயிற்று. காரணம் கப்பலின் பழுதன்று, பயணிகள் வராமையுமன்று. தஹேஜ் பக்கத்தில் வண்டல் படிந்து, கப்பல் மிதக்கப் போதிய ஆழம் இல்லாமற் போனதே காரணம்.

நருமதை, தபதி, மாஹி, சபர்மதி ஆகிய ஆறுகள் யாவும் இவ்வளைகுடாவில் மண்ணைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. ஓதம் அம்மண்ணை ஓரிடத்திலும் நிலைக்கவிடாமல் புரட்டிக்கொண்டே இருக்கிறது. இன்று அள்ளிய இடம் நாளை தூர்ந்துவிடும். இது நேற்றுத் தோன்றிய தொல்லையுமன்று. நாம் மேலே சொன்ன கிரேக்க நூலே, பாரிகாசாவுக்குச் செல்லும் வழியில் மணல் திட்டுகளும் கடும் ஓதமும் உள்ளன என்று எச்சரிக்கிறது. அரசன் பணியில் இருந்த உள்ளூர் மீனவர்கள், பெரும் படகுகளில் சௌராஷ்டிரக் கரை வரையில் எதிர்கொண்டு சென்று, ஓதம் ஏறும்போது கப்பல்களை இழுத்துவந்து, வற்றும்போது குறிப்பிட்ட இடங்களில் நங்கூரமிட்டு நிறுத்தி, பத்திரமாகத் துறை சேர்த்தனர் என்றும் அது கூறுகிறது. இடத்தின் இயல்பை அறிந்தவன் அவ்விடத்திலேயே வாழ்பவன் என்பதை அக்காலத்து அரசன் உணர்ந்திருந்தான்.

துறை மாறிய கதை

நல்ல வேளையாக, முயற்சி அத்துடன் கைவிடப்படவில்லை. கிழக்குக் கரையில் துறை மாற்றப்பட்டது. 2020 நவம்பர் 8 அன்று கோகாவிலிருந்து ஹஜீராவுக்குக் கப்பல் விடப்பட்டது. இவ்வழி முந்தையதைவிட நீளமானது. கடலில் சுமார் 90 கிலோமீட்டர். எனினும் சாலை வழித் தூரமோ 370 கிலோமீட்டர். சரக்கு சென்று சேரப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஆனது, சுமார் நான்கு மணி நேரமாகக் குறையும் என்றும், நாளொன்றுக்கு ஏறத்தாழ 9,000 லிட்டர் எரிபொருள் மிச்சமாகும் என்றும் அப்போது அரசு கணக்கிட்டது. அக்கப்பல் 30 லாரிகளையும் 100 கார்களையும் 500 பயணிகளையும் ஏற்ற வல்லது.

அவ்வழியே நாமும் ஒருமுறை பயணம் செய்தோம். காய்கறி ஏற்றிய வண்டிகளின் ஓட்டுநர்கள், வண்டிகளை அடித்தளத்தில் நிறுத்திவிட்டு, மேல்தளத்தில் துண்டை விரித்து உறங்கினர். இரவெல்லாம் கண்விழித்து ஓட்ட வேண்டியவர்கள் அவர்கள். கடல் நீரோ நீல நிறமாயில்லை. புது வெள்ளம் வந்த ஏரியைப்போல் கலங்கிய மண்ணிறமாகவே இருந்தது. தஹேஜில் நடந்ததற்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

நமக்குரிய பாடம்

நண்பர்களே, கப்பலுக்கும் நம் ஊராட்சிக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். ஓர் ஊரில் நெற்களம் கட்டப்பட்டது. அதற்கு வண்டிப் பாதை அமையவில்லை. இன்று அங்கே ஆடுகள் படுத்திருக்கின்றன. நெல்லோ தார்ச்சாலையில் காய்கிறது. இன்னோர் ஊரில் தூர்வாரிய ஏரிக்கு வரும் வாய்க்காலை எவரும் கவனிக்கவில்லை. இரண்டே மழைக்காலங்களில் மண் திரும்பவும் சேர்ந்துவிட்டது. இவை வண்டலால் நின்றுபோன கப்பலுக்குச் சற்றும் குறைந்தவையல்ல. நஷ்டம் நம் உழவருடையது.

ஆகவே, கிராம சபையில் ஒரு வேலையை முன்மொழியும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். முதலாவது, இவ்விடத்தின் இயல்பு என்ன? மழை வந்தால் நீர் எப்பக்கம் பாயும், மண் எங்கே தங்கும் என்பதை அறிந்தவர் ஊரில் இருப்பர். நீர்ப்பாய்ச்சும் மடையரையும், அங்கே ஆடு மேய்க்கும் முதியவரையும் கேளுங்கள். பொறியாளரின் அளவையும் அவர்களுடைய அனுபவமும் சேர வேண்டும். இரண்டாவது, கட்டிய பின் ஆண்டுதோறும் இதைப் பேணுபவர் யார், அதற்குப் பணம் எங்கிருந்து வரும்? இதற்கு விடையில்லாத வேலை அரைகுறை வேலையே. மூன்றாவது, இவ்விடம் ஒத்துவராவிடின் வேறிடம் உண்டா? துறை சரியில்லையெனத் தெரிந்ததும் துறையை மாற்றியதனால்தான் கோகாவிலிருந்து மீண்டும் கப்பல் புறப்பட்டது. முதலில் குறித்த இடத்திலேதான் கட்டுவோம் என்று பிடிவாதம் செய்வதில் எவருக்கும் பெருமையில்லை.

பேணும் பழக்கம் நமக்குப் புதிதன்று. வீட்டுக்கு ஓர் ஆளாகக் கூடி ஏரியையும் வாய்க்காலையும் செப்பனிட்ட குடிமராமத்து நம் முன்னோர் வகுத்த முறை. நம் அரசும் 2017-இல் அப்பெயரிலேயே அதற்குப் புத்துயிர் அளித்தது. திறப்பு விழா ஒரே நாளில் முடிந்துவிடும். பேணுதல் ஆண்டு முழுவதும் நடக்க வேண்டிய வேலை. அடுத்த கிராம சபைக்குச் செல்லுமுன், உங்கள் ஊரில் கடந்த ஐந்தாண்டுகளில் கட்டப்பட்டவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அது இன்று பயன்படுகிறதா, அதைப் பேணுபவர் யார் என்று குறியுங்கள். எதிரே பெயர் இல்லாத வேலைகளை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். புதிய வேலைகளைப் பிறகு பார்ப்போம்.