இரண்டாவது சாவி



2019-ஆம் ஆண்டு புதுக்கோட்டையையே உலுக்கிய செய்தி ஒன்று பலருக்கு நினைவிருக்கும். பஞ்சாப் நேஷனல் வங்கிக் கிளையில் மக்கள் அடகு வைத்த நகைகளில் 13 கிலோவுக்கு மேல் காணவில்லை. அங்கே வேலை பார்த்த ஊழியர் ஒருவரும் காணாமல் போய், பிறகு பிணமாகக் கிடைத்தார். குற்றம் யாருடையது என்ற ஆராய்ச்சி நமக்கு வேண்டாம். என்னை உறுத்துவது எடைதான். 13 கிலோ என்றால் 1,600 பவுனுக்கும் மேல்! அத்தனை பொட்டலங்கள் வெளியே போகும்வரை யாருமே எண்ணிப் பார்க்கவில்லையா?

எண்ணுவதற்கு ஏற்பாடு இல்லாமல் இல்லை. நகைப் பெட்டகத்துக்கு இரண்டு சாவி. இரண்டு அதிகாரிகளிடம் ஆளுக்கொன்று. இருவரும் சேர்ந்து நின்றால்தான் கதவு திறக்க வேண்டும். ஆனால் கூட்டம் நெரிகிற காலை நேரத்தில், "நீங்களே திறந்து எடுத்துடுங்க தம்பி" என்று ஒருவர் தன் சாவியையும் நீட்டிவிட்டால், அன்றிலிருந்து அது ஒற்றைச் சாவிப் பெட்டகம்தான். பூட்டு உடைபடவே வேண்டியதில்லை.

ரிசர்வ் வங்கி இன்னொரு வழியும் வைத்திருக்கிறது. முக்கியப் பொறுப்பில் இருக்கும் வங்கி ஊழியரை ஆண்டுக்கு ஒருமுறை, முன்கூட்டிச் சொல்லாமல், தொடர்ந்து 10 வேலை நாட்களாவது விடுப்பில் அனுப்ப வேண்டும் என்று 2021-இல் அறிவுறுத்தியது. ஆள் மாறினால் மறைத்த கணக்கு மேலே வந்துவிடும். தினமும் கூடவே இருந்து மூடி மறைத்தால்தான் இந்த மாதிரி மோசடி தாக்குப்பிடிக்கும். லீவே எடுக்காத ஊழியரை நாம் மெச்சுகிறோம். கொஞ்சம் யோசித்துத்தான் மெச்ச வேண்டும்.

இது வங்கிக்கு மட்டுமான பாடம் அல்ல. புதுக்கோட்டைக் கீழ ராஜ வீதியிலோ அறந்தாங்கியிலோ கடை வைத்திருப்பவர், "நம்ம சொந்தக்காரப் பையன்தானே" என்று கல்லா, கொள்முதல், கணக்கு மூன்றையும் ஒருவரிடமே விட்டுவிடுவது உண்டு. பணம் வாங்குகிறவர் ஒருவர், கணக்கு எழுதுகிறவர் வேறொருவர் என்று பிரிக்கலாம். ஆள் போதவில்லையென்றால், சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் முதலாளியே உட்கார்ந்து பில்லையும் சரக்கையும் ஒத்துப் பார்க்கலாம். சம்பளத்தோடு பத்து நாள் லீவும் கொடுக்கலாம்.

பையன் மனம் கோணுவானே என்று முதலாளிகள் தயங்குகிறார்கள். ஆனால் நாளைக்குப் பணம் குறைந்தால் முதலில் சந்தேகப்படப்போவது அவனைத்தான். இரண்டு பேர் எண்ணிக் கையெழுத்துப் போட்ட நோட்டு ஒன்று இருந்தால், "இதோ பாருங்க முதலாளி" என்று அவன் எடுத்துக் காட்டலாம்.