சருகுக்கு அடியில் ஒரு குடியிருப்பு

மொன்றியல் நகரின் நடுவே நிற்கும் மவுண்ட் ராயல் குன்றில், மேப்பிள் மரத்தடிச் சருகை ஒரு கைப்பிடி விலக்கிப் பாருங்கள். ஊசிமுனை அளவுப் பூச்சிகள் வாலைச் சுண்டித் துள்ளும். இரத்தம் குடிக்காத சிற்றுண்ணிகள் பூஞ்சை இழைகளுக்கு நடுவே ஊர்ந்து திரியும். சருகு மெல்ல மக்கி மரத்துக்கு உணவாவதில் இவற்றுக்கும் பங்குண்டு. இதே குன்றில் ஐரோப்பாவிலிருந்து வந்த பக்தோர்ன் புதரும் பரவியிருக்கிறது. பிரெஞ்சில் அதை நெர்ப்ரன் என்பார்கள். அது மற்றச் செடிகளை நிழலில் அமுக்குவதைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறோம். அதன் ஆழமான கேடு நம் காலடியில் நடக்கிறது என்பதே என் வாதம். அதன் இலையில் நைட்ரஜன் மிகுதி. விழுந்த வேகத்தில் மக்கிவிடும். மண்புழுவுக்கு அது விருந்து. புழு பெருகிய இடத்தில் கோடைக்குள் சருகு தீர்ந்து, தரை வெறும் மண்ணாகக் கிடக்கும். சருகையே வீடாகக் கொண்ட சிற்றுயிர்கள் பிறகு எங்கே போகும்?

மண்புழு உழவனின் நண்பன் ஆயிற்றே என்று கேட்பீர்கள். நம் ஊர் வயலில் அது உண்மைதான். ஆனால் மொன்றியல் அமைந்த கியூபெக் மாகாணத்து மண் பனியுகத்தில் பனிப்பாளத்தின் கீழ் புதைந்து கிடந்தது. சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முன் பனி விலகியபின் இங்கே காடு வளர்ந்தது மண்புழு இல்லாமலே. இன்று காணும் புழுக்கள் பெரும்பாலும் ஐரோப்பியக் குடியேறிகளோடு வந்தவை. அவை புகுந்த வட அமெரிக்கக் காடுகளில் மண்வாழ் சிற்றுயிர்கள் குறைவதை, பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த 2018ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது.

அப்படியானால் குற்றம் புழுவுடையது, புதரைப் பிடுங்கி என்ன பயன் என்ற கேள்வியும் நியாயமானதே. அமெரிக்காவின் விஸ்கான்சினில் நடந்த ஆய்வு இதற்குப் பதில் தருகிறது: அந்நியப் புதர்களை அகற்றிய இடங்களில் மண்புழுக்கள் சில ஆண்டுகளில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. புதரும் புழுவும் ஒன்றுக்கொன்று துணை. ஒன்றைத் தடுத்தால் மற்றதும் தளரும்.

2022 டிசம்பரில் மொன்றியலில் கூடிய ஐ.நா. பல்லுயிர் மாநாட்டில், அந்நிய உயிரினங்கள் புதிதாக வந்து வேரூன்றும் வேகத்தை 2030க்குள் பாதியாகக் குறைப்பதென்று நாடுகள் உடன்பட்டன. நம் பங்குக்கு, தூண்டிலுக்கு வாங்கி மிஞ்சிய புழுவைக் காட்டில் கொட்டாதிருப்போம். காட்டுச் சருகை விழுந்த இடத்திலேயே விடுவோம். எத்தனை புதர் பிடுங்கினோம் என்ற கணக்கு மட்டும் போதாது. இந்த ஆண்டு உதிரும் சருகு, அடுத்த இலையுதிர்காலம் வரை தரையில் தங்குகிறதா என்று பார்ப்போம்.