கணினியில் ஓவியம் பழகுதல்



கணினியில் ஓவியம் எழுதுவதைப் பற்றி உங்களிடம் பேச வந்திருக்கும் நான் ஓவியன் அல்லேன். கரும்பலகையின் முன் நின்றே ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்த பள்ளி ஆசிரியன். நான் ஆசிரியப் பயிற்சி பெற்ற நாளில் கரும்பலகைச் சித்திரமும் எங்களுக்கு ஒரு பயிற்சியாக இருந்தது. வகுப்புக்கு முதுகைக் காட்டி நிற்கும் நேரம் நீண்டால் வகுப்பு கலைந்துவிடும். ஆதலின் பூவின் குறுக்குவெட்டையோ இந்தியாவின் கடற்கரையையோ நான்கைந்து கோடுகளில் முடித்துவிட்டுத் திரும்ப வேண்டும். தவறினால் துணியால் துடைத்துவிட்டு மறுபடியும் போடலாம். அந்தச் சாக்குக்கட்டிப் பழக்கம் ஒன்றே நான் இத்துறைக்குக் கொண்டுவந்த முதல்.

நான் இருப்பது ஓசூர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்கும் எல்லையூர். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்த பின்னர், லாரியும் இருசக்கர வண்டியும் கைக்கடிகாரமும் செய்யும் ஊராக அது மாறிற்று. இத்தகைய பொருள்கள் இரும்பில் உருப்பெறுவதற்கு முன்பே கணினித் திரையில் உருப்பெற்றுவிடுகின்றன. அப்படிப்பட்ட வரைவுப் பிரிவு ஒன்றில் வேலை பார்ப்பவன் என் பழைய மாணவன் ஒருவன்.

அவன் பத்தாம் வகுப்பில் படித்தபோது, வாரத்துக்கு ஒரு பாடவேளை சித்திரத்துக்கென்று கால அட்டவணையில் இருந்தது. பொதுத் தேர்வை முன்னிட்டு அதைக் கணக்குக்கு மாற்றிக் கையெழுத்திட்ட தலைமையாசிரியன் நான். அன்று அதைக் கடமை என்றே எண்ணினேன். நான் ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் கழித்து அவன் வீட்டுக்கு வந்தான். தான் பயன்படுத்தாமல் வைத்திருந்த வரைபலகை ஒன்றையும் அதற்குரிய பேனாவையும் என் மேசைமேல் வைத்து, "அந்தச் சித்திரப் பீரியடை நீங்களாவது எடுத்துக்கொள்ளுங்கள், சார்" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வரைபலகை என்பது நாங்கள் சிறு வயதில் எழுதிய சிலேட்டைப் போன்ற ஒரு தட்டு. அவன் தந்த தட்டின்மேல் கோடு எதுவும் தோன்றாது. பேனாவை அதன்மேல் இழுத்தால் எதிரே உள்ள திரையில் கோடு தோன்றும். கை ஓரிடம், கண் ஓரிடம். முதல் வாரம் வட்டம் போட்டால் கத்தரிக்காய் வந்தது. பேனாவின் அழுத்தத்தைத் தட்டு அளந்து அறிகிறது. மெல்ல வைத்தால் மெல்லிய கோடும், அழுத்தினால் தடித்த கோடும் விழும். கிரிட்டா என்னும் இலவச மென்பொருளை அவனே கணினியில் நிறுவித் தந்தான். சுவீடிய மொழியில் அச்சொல்லுக்குச் சாக்குக்கட்டி என்று பொருள் உண்டெனப் பின்னர் அறிந்தபோது, பழைய நண்பனைப் புதுச் சட்டையில் கண்டது போலிருந்தது.

திரையில் படம் எழுதுவது நேற்றுப் பிறந்த வித்தை அன்று. 1963-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லண்ட், ஒளிப்பேனாவால் திரையிலேயே கோடு போடும் ஸ்கெட்ச்பேட் என்னும் ஏற்பாட்டைத் தம் ஆராய்ச்சிப் பட்டத்துக்காகச் செய்தார். 1973-இல் ரிச்சர்ட் ஷூப் என்பார் வண்ணம் தீட்டும் ஏற்பாடு ஒன்றை அமைத்தார். 1990-இல் போட்டோஷாப் வெளிவந்தது. தமிழ்நாட்டில், சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்ற டிராட்ஸ்கி மருது, கோட்டோவியத்தில் தேர்ந்த தம் கையோடு கணினியையும் முன்னதாகவே ஏற்றுக்கொண்டவர்களில் ஒருவர். ஆங்கில ஓவியர் டேவிட் ஹாக்னி 1937-இல் பிறந்தவர். எழுபதைக் கடந்த பின்னரே, 2009-இல் செல்பேசியிலும் 2010-இல் ஐபேடிலும் படம் எழுதத் தொடங்கினார். யார்க்ஷயரில் ஒரு நாட்டுப்புறச் சாலையில் இளவேனில் வந்து சேரும் விதத்தை 2011-இல் அவர் ஐபேடில் தொடர்ந்து எழுதினார். அப்படங்கள் பெரிய அளவில் அச்சிடப்பட்டு 2012-இல் லண்டன் ராயல் அகாடமியில் வைக்கப்பட்டன. இவ்விருவரும் கருவி வந்த பிறகு ஓவியரானவர்கள் அல்லர் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

என் முதல் தடுமாற்றத்தைச் சொல்கிறேன். கணினியில் இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினால் கடைசியாகப் போட்ட கோடு மறைந்துவிடும். ஒரு மாலைப் பொழுதில் கிருஷ்ணகிரிக் கோட்டை மலையின் விளிம்பை எழுத உட்கார்ந்தேன். கோடு பிடிக்கவில்லை, நீக்கினேன். மறுபடியும் போட்டேன், நீக்கினேன். விளக்கு வைக்கும் நேரத்தில் திரை வெறுமையாக இருந்தது. கரும்பலகையிலும் நான் அழித்து அழித்துத்தானே எழுதினேன், அங்கே நேராத தொல்லை இங்கே ஏன் நேர்ந்தது என்று சிந்தித்தேன். கரும்பலகையில் துணியால் துடைத்தாலும் பழைய கோடு சுண்ணத்தூளாகச் சிறிது தங்கியிருக்கும். எங்கே தவறினோம் என்பதை அந்த மங்கலான கோடு காட்டும். அடுத்த கோடு அதற்கு இப்பாலோ அப்பாலோ விழும். கணினி தவற்றைச் சுவடின்றி நீக்கிவிடுவதால் அடுத்த கோடும் அதே இடத்தில் தவறுகிறது.

அன்றுமுதல் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். கணினி ஓவியத்தில் கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது போல் அடுக்குகள் உண்டு. தவறான கோட்டை நீக்குவதில்லை. அந்த அடுக்கை மங்கலாக்கிவிட்டு, அதன்மேல் புதிய அடுக்கில் திருத்தி எழுதுகிறேன். மூன்றாவது அடுக்கில் மலை ஒருவாறு மலையாக நின்றது.

அடுத்தது வண்ணம். எங்கள் மாவட்டத்தில் பெங்களூரா மாம்பழம் மிகுதி. நீலச் சுண்ணாம்பு அடித்த கொல்லைச் சுவரின் முன் பழம் ஒன்றை வைத்துக் காலை வெயிலில் எழுதினேன். திரையில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளும் ஒவ்வொன்றும் 256 படிகளில் கலக்கின்றன; பெருக்கிப் பார்த்தால் 1,67,77,216 நிறங்கள். இத்தனை செல்வமும் கைக்கு வந்தும் என் பழம் சுவரோடு ஒட்டிக்கொண்டு தட்டையாக நின்றது. மாணவன் வந்து, படத்தின் நிறத்தையெல்லாம் நீக்கிச் சாம்பல் நிறமாக மாற்றிக் காட்டினான். பழம் எங்கே, சுவர் எங்கே என்று தெரியவில்லை. இரண்டும் ஒரே சாம்பல். மஞ்சளுக்கும் நீலத்துக்கும் உள்ள வேற்றுமையைக் கண்டேனேயன்றி வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் உள்ள வேற்றுமையைக் காணவில்லை.

இப்பொழுதெல்லாம் பெரிய படத்தைத் தொடுவதற்கு முன், தீப்பெட்டி அளவில் நான்கு சிறு படங்கள் எழுதுகிறேன். வெளிச்சம், நடுத்தரம், இருள் என்னும் மூன்று படிகள் மட்டுமே அவற்றில் இடம் பெறும். நான்கில் சிறந்ததைத் தேர்ந்து பெரிதாக்கிய பின்னரே நிறத்தின் பக்கம் போகிறேன். இடையிடையே சாம்பலாக்கிப் பார்த்துக்கொள்கிறேன். (அச்சுக்குப் போகும் படம் என்றால் இன்னொரு கணக்கும் உண்டு. அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் ஏ4 தாளுக்கு 2480-க்கு 3508 புள்ளிகள் வேண்டும். திரையின் ஒளி நீலம் அச்சு மையில் மங்கிப்போகும். பள்ளி ஆண்டு மலருக்குப் படம் எழுதுவோர் இதை முன்னரே அறிந்துகொண்டால் வருத்தம் மிச்சம்.)

மூன்று படிகளும் மிகையோ என்று தோன்றச் செய்த இடம் ஒன்று எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. சூளகிரிப் பக்கத்து மல்லசந்திரம் குன்றின்மேல் பெருங்கற்காலத்துக் கல்திட்டைகள் பல நிற்கின்றன. அவற்றுட் சிலவற்றின் உட்புறக் கற்பலகைகளில் வெண்ணிறத்தில் உருவங்கள் தீட்டியிருக்கிறார்கள். பர்கூரை அடுத்த மல்லபாடியிலும் பாறையில் குதிரைமேல் அமர்ந்து போரிடும் மனிதர் வெண்ணிறத்தில் காட்சி தருகிறார்கள். எழுதியவர்களுக்குக் கிடைத்தது ஒரே வெள்ளை, பின்னணி பாறை. கண் இல்லை, மூக்கு இல்லை. ஆயினும் அது குதிரை என்பதையோ, மேலிருப்பவன் கையை ஓங்கியிருக்கிறான் என்பதையோ யாரும் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. கரும்பலகையில் சாக்குக்கட்டி செய்ததும் இதே வேலைதான். அங்கிருந்து திரும்பியபின், மனிதரையோ விலங்கையோ எழுதும்போது உட்கோடு எதுவும் இன்றி முழு உருவத்தையும் ஒரே நிறத்தால் நிரப்பிப் பார்க்கிறேன். அந்நிலையில் ஆடு ஆடாகத் தெரியாவிட்டால், பிற்பாடு மயிர் மயிராக எழுதினாலும் அது ஆடு ஆவதில்லை.

இனி ஒரு மாணவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் படிப்பவள். எங்கள் தெருப் பெண். திரைப்பட நடிகர்களின் முகங்களைச் செல்பேசியில் அச்சாக எழுதுவாள். பாராட்டாதவர் இல்லை. ஒருநாள் நான், "உன் பாட்டி பூக்கட்டுவதை எழுதிக் காட்டு, அம்மா" என்றேன். பாட்டி எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். பெண்ணின் கை ஓடவில்லை, முகம் வாடிற்று. நிழற்படத்தை அடியில் ஓர் அடுக்காக வைத்து அதன்மேல் கோடு இழுப்பதும், நிறத்தை அப்படத்திலிருந்தே உறிஞ்சி எடுப்பதுமாக அதுவரை பழகியிருக்கிறாள். கோடு அழகாக வந்தது, பார்வை பழகவில்லை.

பிறர் படத்தைப் பார்த்து எழுதுவது குற்றமன்று. ஓவியர்கள் அனைவரும் அவ்வாறு பயின்றவர்களே. ஆனால் படத்தை அடியில் வைக்காதே, பக்கத்தில் வை என்றேன். கண்ணால் அளந்து எழுதி முடித்த பின், சரிபார்ப்பதற்காக மட்டும் மேலே பொருத்திப் பார்க்கச் சொன்னேன். அப்படிப் பொருத்தியபோது, எல்லா முகங்களிலும் கண்களைச் சற்று மேலே ஏற்றி எழுதுகிறாள் என்று அவளே கண்டுகொண்டாள். தலையின் உயரத்தில் ஏறக்குறைய நடுப்பாதியில் கண் இருக்கிறது. புதிதாகப் பழகுவோர் பெரும்பாலும் நெற்றிக்கு இடமின்றி அதை மேலே தள்ளிவிடுகிறார்கள். அவளுக்குச் சில்பியின் கோயிற் சித்திரங்களைக் காட்டினேன். 1919-இல் நாமக்கல்லில் பிறந்த ஸ்ரீநிவாசன் என்னும் அப்பெரியார், சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று ஆனந்த விகடனில் எழுதியவர். கோயில்தோறும் சென்று, தெய்வத் திருவுருவத்தின் முன் நேரில் அமர்ந்து, அணிமணிகளைக்கூட விடாமல் பார்த்து வரைந்தவர்.

சில மாதங்களில் அவள் பாட்டியை இருபது முறைக்கு மேல் எழுதிவிட்டாள். ஒருநாள் செல்பேசியை என்முன் நீட்டினாள். 2022 முதல் பரவிவரும், சொல்லைக் கொடுத்தால் படத்தைக் கொடுக்கும் எந்திரம் ஒன்றில், பூக்கட்டும் பாட்டி என்று எழுதிக் கேட்டிருக்கிறாள். நொடிப் பொழுதில் வந்த படம். "இவ்வளவு அழகாக வருகிறதே, சார், நான் எதற்குக் கஷ்டப்பட வேண்டும்?" என்று கேட்டாள். கேலிக்காகக் கேட்கவில்லை. ஓவியக் கல்லூரியில் சேர வேண்டும் என்று வீட்டில் போராடிக்கொண்டிருந்த பெண் அவள்.

கூலிக்குப் படம் எழுதுவோரின் பிழைப்பை இந்த எந்திரம் தொடும் என்பதை நான் மறைக்கவில்லை. அவள் தந்தையிடமும் அதையே சொன்னேன். பிறகு இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். சிறிது நேரம் பார்த்துவிட்டு, "இந்தப் பாட்டி நாரை எங்கேயும் பிடிக்கவில்லை" என்றாள். அவளுடைய பதினோராவது படத்தில் பாட்டி வாழைநாரின் ஒரு நுனியைக் கால் கட்டைவிரலில் மாட்டியிருக்கிறார். அதற்கு முந்திய பத்துப் படங்களிலும் அந்தக் கட்டைவிரல் இல்லை. நான் வேறொன்றும் சொல்லவில்லை. கல்லூரி விண்ணப்பத்தை அவள் அனுப்பியிருக்கிறாள்.

கடைசியாக ஒன்று. கிரிட்டாவில் நாம் எழுதுவதைப் படிப்படியாகப் பதிவு செய்து பின்னர் ஓட்டிப் பார்க்கும் வசதி இருக்கிறது. கரும்பலகையின் முன் இத்தனை ஆண்டுகள் நின்றும் என் கை வேலை செய்வதை நான் பின்னிருந்து பார்த்ததில்லை. சென்ற வாரம் புதிதாக எழுதிய மாம்பழப் படத்தை ஓட்டிப் பார்த்தேன். இலையின் விளிம்பைச் செதுக்குவதிலேயே நெடுநேரம் கழித்திருக்கிறேன். பழத்தின் நிழல் சுவரில் விழும் இடத்தையோ இரண்டு நிமிடத்தில் முடித்திருக்கிறேன். என் மாணவனும் உடனிருந்து பார்த்தான். "இலைக்குக் கொடுத்த பீரியடை நிழலுக்கு மாற்றுங்கள், சார்" என்றான். நிழல் இன்னும் சரியாக அமையவில்லை. கொல்லைச் சுவரில் ஏழு மணிக்குத்தான் வெயில் விழுகிறது; நாளைக் காலை மறுபடியும் உட்கார வேண்டும்.