தேதி போட்ட உதவி
(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். மருத்துவம் படித்தவன் அல்ல. அதனால் நோயைப் பற்றிப் பேசப் போவதில்லை. நம் தெருவிலோ உறவிலோ ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தால், பார்க்கப் போகும் நாம் என்ன கொண்டு போகலாம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

பாகூரில் இருக்கும் என் தங்கைக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் மார்பகப் புற்றுநோய் என்றார்கள். வில்லியனூரிலிருந்து போகும்போதெல்லாம் ஒரு கிலோ ஆப்பிளும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலும் வாங்கிப் போவேன். கிளம்பும்போது, "எது வேணும்னாலும் சொல்லும்மா" என்பேன். மூன்றாம் தடவை அவளே சொல்லிவிட்டாள்: "அண்ணா, அலமாரியில ஏழு ஹார்லிக்ஸ் இருக்கு. வெள்ளிக்கிழமை கீமோவுக்கு என்கூட வரத்தான் ஆள் இல்ல. நடவு நேரம், அவரால வர முடியாது."

எனக்கு வெட்கமாகிவிட்டது. வெள்ளிக்கிழமை எனக்கு ஒரு வேலையும் இல்லை. இருந்தும் நானாகக் கேட்கத் தோன்றவில்லை.

தேதி போடாத காசோலையை வங்கியில் பாஸ் செய்ய மாட்டோம். "எது வேணும்னாலும் சொல்லு" என்பதும் தேதி போடாத காசோலைதான். நோயாளி வாய் திறந்து கேட்கக் கூச்சப்படுவார். "வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு வர்றேன், நான் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லுங்கள். அதுதான் உதவி.

அப்படி நாம் செய்யக்கூடியவை சில.

முதலாவது, துணை. பாகூரிலிருந்து கோரிமேடு ஜிப்மருக்குப் போகப் புதுச்சேரி வந்து பஸ் மாற வேண்டும். கதிர்வீச்சு சிகிச்சை, அதாவது நம் பக்கத்தில் சொல்லும் 'கரண்ட் வைப்பது', பெரும்பாலும் வாரத்துக்கு ஐந்து நாள், பல வாரம் நடக்கும். ஒரே ஆள் தினமும் போக முடியாது. ஐந்து பேர் ஆளுக்கு ஒரு நாள் எடுத்துக்கொண்டால் சுமை தெரியாது. சென்னைக்கு ரயிலில் போவோருக்குச் சலுகை உண்டு. மருத்துவமனைச் சான்று இருந்தால் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் நோயாளிக்குக் கட்டணமே இல்லை. துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதம் குறையும்.

இரண்டாவது, சாப்பாடு. கீமோ முடிந்த சில நாட்களுக்கு வாய்ப்புண், குமட்டல் இருக்கலாம். தாளிப்பு வாசனையே பிடிக்காது. என் தங்கைக்குக் குழைந்த மோர் சாதமும் ஆறிய கஞ்சியும்தான் இறங்கின. எது இறங்குகிறது, டாக்டர் எதை வேண்டாம் என்றார் என்று கேட்டுச் சமைத்துக் கொடுங்கள். வீட்டில் இருக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்துக் கொடுங்கள். பிள்ளைகளுக்கும் பசிக்கும். உங்களுக்குச் சளி, காய்ச்சல் இருந்தால் உள்ளே போகாதீர்கள். கீமோ எடுப்பவருக்கு எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும்.

மூன்றாவது, ரத்தம். ரத்தத் தட்டணுக்களைச் சாதாரணமாக ஐந்து நாளுக்கு மேல் சேமித்து வைக்க முடியாது. அதனால் தானம் செய்ய ஆள் வந்துகொண்டே இருக்க வேண்டும். வீட்டில் இருக்கும் இளைஞர்களிடம் சொல்லுங்கள்.

நான்காவது, பணம். கல்யாணத்துக்கு நோட்டில் எழுதி மொய் வைக்கிறோம். இங்கே எழுதாமல் வையுங்கள். பஸ்ஸுக்கும் ஸ்கேனுக்கும் ஆகும். திருப்பிக் கேட்பதில்லை என்றால் அதை அப்போதே சொல்லிவிடுங்கள்.

ஐந்தாவது என் தொழில். சில மருந்துகளால் விரல் மரத்துக் கையெழுத்து மாறிவிடும். காசோலை திரும்பி வரும். கையெழுத்துப் போட முடியாதவர் விரல் ரேகை வைத்தும் பணம் எடுக்க ரிசர்வ் வங்கி விதி இடம் தருகிறது. இரண்டு சாட்சிகள் வேண்டும். அவர்களில் ஒருவர் வங்கி அலுவலராக இருக்க வேண்டும். ஓய்வூதியர் என்றால் ஆயுள் சான்றை வீட்டிலிருந்தே செல்போனில் முகம் காட்டிப் பதியலாம். நாமினி பதிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். நாமினி எல்லோருக்கும் வேண்டியது. அதையே சாவுக்கு ஏற்பாடு செய்வதுபோல் பேசிவிடாதீர்கள்.

இன்னொன்று. "எங்க ஊர்ல இதே நோய் வந்தவர்..." என்று ஆரம்பிக்காதீர்கள். கோயில் திருநீறோ மாதா கோயில் பிரசாதமோ அன்போடு கொடுங்கள். ஆனால் சிகிச்சையை நிறுத்திவிட்டு நாட்டு மருந்து சாப்பிடச் சொல்லாதீர்கள்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-ல் புற்றுநோயால் இறந்தார். அந்தத் துக்கத்தை அவர் மறக்கவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 1954-ல் சென்னை அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே அங்கு சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-ல் மறையும்வரை அதற்காகவே உழைத்தார். நம்மால் மருத்துவமனை கட்ட முடியாது. ஒரு வெள்ளிக்கிழமையைக் கொடுக்க முடியும்.

அந்த வெள்ளிக்கிழமை நான் போனேன். வரிசையில் உட்கார்ந்திருந்த ஐந்து மணி நேரத்தில் நாங்கள் நோயைப் பற்றிப் பேசவே இல்லை. சின்ன வயதில் பாகூர் ஏரிக்கரையில் மாட்டுக்குப் பயந்து ஓடியதைச் சொல்லிச் சிரித்தாள். இப்போது பரிசோதனைக்கு மட்டும் போய் வருகிறாள். இன்றும் நான்தான் துணை.

நம் சங்கத்தில் ஒரு நோட்டு வைப்போம் என்று கேட்டுக்கொள்கிறேன். யார், எந்தக் கிழமை, எத்தனை மணி நேரம் தர முடியும் என்று எழுதுங்கள். முதல் பக்கத்தில் என் பெயரையும் வெள்ளிக்கிழமையையும் எழுதிவிட்டேன். அடுத்த வரி உங்களுக்காகக் காத்திருக்கிறது.